நாமா, நாங்களா? பழவேற்காடு சொல்லிக்கொடுத்த ஆங்கிலப் பாடம்

இன்னைக்கு எபிசோடு ஒரு மனுவில் ஆரம்பிக்குது. ஒரே ஒரு பக்கம், ஆங்கிலத்தில் நான் எழுதியது. அதுல ரெண்டு தப்பு இருந்தது. ஸ்பெல்லிங் தப்பு கிடையாது, இலக்கணத் தப்பும் கிடையாது. எந்த ஸ்பெல்-செக்கும் சிவப்புக் கோடு போடாத தப்புங்க. அதனால ஒரு கூட்டத்துல சண்டை வந்துருச்சு.

கதையைச் சொல்றேன். காலேஜ் ஹாஸ்டலில் என் ரூம்மேட் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவன். சென்னையிலிருந்து வடக்கே போனா ரெண்டு மணி நேரம், பொன்னேரி தாண்டிப் போகணும். ஒரு நாள் போன் பண்ணான். "மச்சி, ஊர்ல ஒரு பெட்டிஷன் குடுக்கணும். தமிழ்ல ரெடி. இங்கிலீஷ்லயும் வேணுமாம். நீதான் ஆபீஸ்ல நாள் முழுக்க இங்கிலீஷ்ல மெயில் போடறியே, வா."

விஷயம் முகத்துவாரம். ஏரி கடலோடு சேர்கிற வாய். அங்கே மணல் சேர்ந்து அடைபட்டால் படகு கடலுக்குப் போக முடியாது. கடல் தண்ணீரும் உள்ளே வராது, அதோடு வரும் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வராது. பழவேற்காடு இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தது. ஆந்திரா, தமிழ்நாடு ரெண்டு பக்கமும் பரவிக் கிடக்கு. அவ்வளவு பெரிய ஏரியோட உயிர் அந்த வாயில்தான் இருக்கு.

நண்பனோட அப்பா திண்ணையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் லேப்டாப்பில் ஆங்கிலத்தில் அடிச்சேன். அவர் சொன்ன ரெண்டு வாக்கியம் இது.

"தலைமுறை தலைமுறையா நாங்க பாடு வச்சு முறை போட்டுத்தான் தொழில் பண்றோம், தம்பி. முகத்துவாரம் அடைஞ்சா நாம எல்லாருக்கும் நஷ்டம்."

நான் ரெண்டு வாக்கியத்தையும் 'வி' என்று ஆரம்பிச்சேன். ஆங்கிலத்தில் வேற என்ன போட முடியும்?

மறுநாள் கூட்டம். பக்கத்துக் குப்பங்களிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தாங்க. நண்பன் என் ஆங்கிலத்தைப் பார்த்து, அப்படியே தமிழில் மாற்றிப் படிச்சான். ரெண்டு 'வி'யையும் 'நாங்க' என்று படிச்சுட்டான். "நாங்க பாடு வச்சு முறை போடறோம். முகத்துவாரம் அடைஞ்சா எங்களுக்கு நஷ்டம்."

பின்னாடி உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்தார். பாடு உரிமை இல்லாத ஊர்க்காரர். "அப்ப எங்களுக்கு நஷ்டம் இல்லையா? இது உங்க மனுவா? அப்புறம் எங்க கையெழுத்து எதுக்கு?" என்று கேட்டார். அவர் பின்னாடியே இன்னும் நாலைந்து பேர் எழுந்துட்டாங்க.

அப்பா சொன்னது 'நாம'. கூட்டத்துக்குக் கேட்டது 'நாங்க'. நடுவில் இருந்த ஆங்கிலம் ரெண்டுக்கும் ஒரே சொல்லை வச்சிருந்தது. அந்த இடத்தில் ஒரு ஊரே காணாமப் போச்சு.

ரெண்டு 'நாம்' வச்சிருக்கிற மொழிகள்

நமக்கு இது மூச்சு விடற மாதிரி. 'நாம சினிமாவுக்குப் போறோம்' என்றால் நீயும் வர்ற. 'நாங்க சினிமாவுக்குப் போறோம்' என்றால் நீ வீட்டுல இரு. பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்கும் இது தெரியும். கேட்கிறவரைச் சேர்த்துக்கிற சொல் ஒன்று, விலக்குகிற சொல் இன்னொன்று. பழைய தமிழில் நாம், யாம் என்று இருந்தது. 'நாங்கள்' பின்னால் வந்த வடிவம்.

ஏரியின் வடகரையில் பேசும் தெலுங்கிலும் இது உண்டு. 'மனமு' என்றால் எல்லாரும், 'மேமு' என்றால் நாங்க மட்டும். மலையாளத்தில் நம்மள், ஞங்ஙள். ஆனா இன்றைய கன்னடத்தில் ரெண்டுக்கும் 'நாவு' ஒன்றுதான். ஹிந்தியில் 'ஹம்' ஒன்றுதான். ஆனா மராத்தியிலும் குஜராத்தியிலும் ரெண்டு இருக்கு.

ஐரோப்பாவில் பெரிய மொழிகள் எதிலும் இது கிடையாது. ஆங்கிலம், டச்சு, போர்த்துக்கீசியம், ஸ்பானிஷ், ஜெர்மன் எல்லாத்திலும் ஒரே ஒரு 'வி'. அதனால ஐரோப்பியர்கள் உலகம் சுற்ற ஆரம்பிச்சப்பதான் இப்படி ஒரு விஷயம் இருப்பதே அவங்களுக்குத் தெரிஞ்சது. அச்சில் இதை முதலில் விளக்கியவர் டொமிங்கோ டி சாண்டோ தோமாஸ் என்ற ஸ்பானியத் துறவி. 1560ல் பெரு நாட்டின் கெச்சுவா மொழிக்கு அவர் எழுதிய இலக்கணத்தில் இது வருகிறது.

தமிழைக் கற்க வந்தவர்களுக்கும் இதே சோதனை. 1706ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார். 1716ல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அவருடைய தமிழ் இலக்கணம் அச்சானது. அவரைப் போன்றவர்கள் கிறிஸ்தவ ஜெபத்தைத் தமிழாக்கும்போது முதல் சொல்லிலேயே முடிவு எடுத்தாக வேண்டும். கடவுளை 'அவர் ஃபாதர்' என்று கூப்பிடுவது ஆங்கிலத்தில் சுலபம். தமிழில் நம் தந்தையா, எங்கள் தந்தையா? 'நம்' என்றால் கேட்கிறவரும் அதில் சேர்ந்துவிடுவார். இங்கே கேட்கிறவரே கடவுள். அவர் தனக்கே தந்தை ஆக முடியாதே! அதனால இன்று வரை தமிழ் ஜெபத்தில் 'எங்கள்'தான். அதே ஆட்கள் ஜெபம் முடிந்து தங்களுக்குள் பேசும்போது 'நம் ஆண்டவர்' என்பார்கள். ஆங்கிலத்தில் ரெண்டுமே 'அவர்'தான்.

பழவேற்காட்டில் திறந்த கதவு

இப்ப பழவேற்காட்டுக்கே திரும்புவோம். அங்கே டச்சுக் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கு. வாசலில் ரெண்டு எலும்புக்கூடு சிற்பம் நிற்கும். உள்ளே கல்லில் டச்சு எழுத்துகள், கப்பல்கள், குடும்பச் சின்னங்கள். இன்ஸ்டாவில் பார்த்திருப்பீங்க. தொல்லியல் துறை பாதுகாக்கும் இடம் அது.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1610ல் இங்கே இடம் பிடித்தது. விஜயநகர அரசர் வேங்கடபதி ராயரின் அனுமதி வாங்கித்தான் வந்தார்கள். 1613ல் ஜெல்ட்ரியா கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் 1690ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை இதுதான். இங்கிருந்து துணி போனது. வெடிமருந்து போனது. பஞ்ச காலங்களில் ஆயிரக்கணக்கான மனிதர்கள் அடிமைகளாகக் கப்பல் ஏற்றப்பட்டு பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பப்பட்டார்கள். கல்லறைகளில் பெயர் பொறித்திருப்பது டச்சுக்காரர்களுக்கு. கப்பலில் போனவர்களுக்குக் கல்லறைக் கல் கிடையாது.

அந்தக் கோட்டைக்கு 1632ல் ஆபிரகாம் ரோஜேரியஸ் என்ற டச்சுப் பாதிரியார் வந்தார். பத்து வருஷம் இருந்தார். ஊர்க்காரர்களின் நம்பிக்கை, சடங்கு, சாதி எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் பத்மநாபன் என்ற பிராமணர். ரோஜேரியஸ் 1649ல் இறந்தபின், 1651ல் லைடன் நகரில் அந்தப் புத்தகம் வெளியானது. 'மறைந்திருக்கும் புறச்சமயத்துக்குத் திறந்த கதவு' என்று தலைப்பு. சமஸ்கிருதக் கவி பர்த்ருஹரியின் மூன்று சதகங்களில் இரண்டு அதில் டச்சில் இருக்கு. காதலைப் பற்றிய சதகத்தை மட்டும் விட்டுட்டாங்க. ஐரோப்பிய மொழி ஒன்றில் அச்சான முதல் சமஸ்கிருத இலக்கியம் பழவேற்காட்டுத் திண்ணைப் பேச்சிலிருந்து போனது என்பது நம்மில் பல பேருக்குத் தெரியாது.

இப்ப ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க. பத்மநாபனும் ரோஜேரியஸும் பேசிக்கொண்டது போர்த்துக்கீசியத்தில். அன்றைய கடற்கரையின் பொது வியாபார மொழி அதுதான். அதிலும் ஒரே ஒரு 'வி'தான், 'நோஸ்'. தாய்மொழியில் பேசியிருந்தால் பத்மநாபன் 'எங்க வழக்கம்' என்று சொல்லியிருப்பாரா, 'நம்ம வழக்கம்' என்று சொல்லியிருப்பாரா? 'எங்க' என்றாலும் யார் அந்த எங்க? பிராமணர்களா, ஊர் முழுக்கவா, கோட்டைக்கு வெளியே குடிசையில் இருந்த மீனவர்களும் சேர்ந்தா? போர்த்துக்கீசியத்துக்குள் போனதுமே அந்த வேறுபாடு உதிர்ந்துவிடும். டச்சுக்குள் போகும்போது மீட்க வழியே இல்லை. கதவு திறந்ததுதான், ஆனா அந்த ஒரு சொல் வாசலிலேயே நின்றுவிட்டது.

இன்னும் ஒரு வேடிக்கை. பழவேற்காட்டுத் துணி போய் இறங்கிய பத்தாவியா பக்கம் புழங்கிய மலாய் மொழியிலும் ரெண்டு 'நாம்' உண்டு. 'கிதா' என்றால் நாம், 'காமி' என்றால் நாங்கள். ரோஜேரியஸே பழவேற்காட்டுக்குப் பிறகு பத்தாவியாவில் வேலை பார்த்தவர். ஆக, கடல் வழியின் இந்த முனையிலும் ரெண்டு, அந்த முனையிலும் ரெண்டு. நடுவில் கணக்கு எழுதின கம்பெனிக்கு மட்டும் ஒன்று.

'தே' என்ற கடன் வாங்கிய சொல்

'சரி, ஆங்கிலம் ஏழை மொழியா?' என்று கேட்கலாம். அப்படி இல்லை. அதுவும் ஒரு காலத்தில் பிரதிப்பெயரில் சிக்கித் திணறிய மொழிதான்.

பழைய ஆங்கிலத்தில் அவன் என்பதற்கு 'ஹே', அவள் என்பதற்கு 'ஹேஓ', அவர்கள் என்பதற்கு 'ஹியே' மாதிரி ஒரு ஒலி. காலம் போகப் போக பல வட்டாரங்களில் மூன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரி கேட்க ஆரம்பிச்சது. அவனா, அவளா, அவங்களா என்று ஆங்கிலேயருக்கே குழப்பம். நம்ம ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸில் 'ஹி'யையும் 'ஷி'யையும் மாற்றிச் சொல்லி அசடு வழிஞ்சவங்க ஆறுதல் பட்டுக்கலாம்.

தீர்வு கடல் வழியா வந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் வைக்கிங்குகள் இங்கிலாந்துக்குக் கொள்ளையடிக்க வந்தார்கள். அப்புறம் வடக்கிலும் கிழக்கிலும் நிலம் பிடித்து, குடியேறி, பக்கத்து வயலில் உழுது, கல்யாணம் பண்ணிக்கொண்டு கலந்தார்கள். அவர்களுடைய நார்ஸ் மொழியிலிருந்துதான் 'தே', 'தெம்', 'தேர்' மூன்றும் ஆங்கிலத்துக்கு வந்தன. ஒரே நாளில் வரவும் இல்லை. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய சாசர் கூட 'தே' என்று எழுதினாலும், 'தெம்' என்பதற்குப் பழைய 'ஹெம்' என்றே எழுதினார். வடக்கிலிருந்து தெற்குக்கு மெல்ல நகர்ந்த சொற்கள் அவை.

பிரதிப்பெயரைக் கடன் வாங்குவது ரொம்ப அபூர்வம். பொருளுக்கான பெயரை யாரிடமும் வாங்கலாம். போர்த்துக்கீசியரிடம் நாம் ஜன்னல், சாவி, மேசை, அலமாரி எல்லாம் வாங்கினோம். டச்சுக்காரரிடம் துட்டும் கக்கூஸும் வாங்கினோம். சிரிக்காதீங்க, உண்மைதான். ஆனா டச்சுக்காரர்கள் ரெண்டு நூற்றாண்டு பழவேற்காட்டில் இருந்தும் அவர்களுடைய நான், நீ, அவன் எதுவும் நம்மிடம் ஒட்டவில்லை. கலப்புக் குடும்பங்கள் இருந்தன, உண்மை. ஆனாலும் பெரும்பாலும் கோட்டைக்குள் ஒரு உலகம், வெளியே ஒரு உலகம். பொருள் கைமாறினா அதோட பெயரும் வந்துடும். 'அவங்க' என்ற சொல் வரணும்னா, வந்தவங்களும் இருந்தவங்களும் ஒரே வீட்டில் வாழ்ந்து ஒரே 'நாம' ஆகியிருக்கணும்.

இன்னொன்று. ஒரே ஆளைக் குறிக்க 'தே' என்று சொல்வது ஏதோ நேற்று வந்த பேஷன் என்று நிறைய பேர் நினைக்கிறாங்க. ஆங்கிலத்தில் அது 14ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கு. நமக்கு அது இன்னும் சுலபமாப் புரியும். 'அவர்' என்பது பழைய தமிழில் பன்மை. பிறகு ஒருவரை மரியாதையாகச் சொல்லும் சொல்லானது. ஆணா பெண்ணா என்று அது சொல்லாது. 'டாக்டர் வந்தார், அவர் ஊசி போட்டார்' என்பதில் டாக்டர் ஆண் என்று யார் சொன்னது? 'நீங்கள்' கதையும் இதேதான், ஆங்கிலத்தின் 'யூ' கதையும் இதேதான். பன்மை மரியாதையாகி, பிறகு பழக்கமாகிவிட்டது.

பாடு சொல்லித்தரும் 'ஈச்', 'எவ்ரி', 'அனதர்'

இப்ப என் ரெண்டாவது தப்புக்கு வர்றேன். அதுக்குப் பாடு முறை தெரியணும்.

ஏரியின் சில இடங்களில், முக்கியமா முகத்துவாரத்துக்குப் பக்கம், இறால் நிறைய வரும். எல்லாரும் ஒரே நேரத்தில் அங்கே வலை கட்டினா அடிதடிதான். அதனால அந்த இடங்களைப் பாடு என்று பிரித்து, யார் எந்த நாள் எந்தப் பாட்டில் வலை கட்டுவது என்று முறை வச்சிருக்காங்க. தென்பகுதியில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் என்ற மூன்று பட்டினவர் ஊர்கள் இந்த முறையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஊருக்குள் தலைக்கட்டுக் கணக்குப்படி முறை வரும். இலங்கையிலும் கரைவலை இழுக்கும் இடத்துக்குப் பாடு என்றுதான் பெயர்.

இதை வச்சே ஆங்கிலத்தில் நாம் குழம்பற சொற்களைப் பார்த்துடலாம்.

முதலில் 'ஏ', 'தி'. ஆங்கிலத்தின் 'ஏ', 'ஆன்' ரெண்டும் பழைய ஆங்கிலத்தில் 'ஒன்று' என்ற சொல்லிலிருந்து தேய்ந்து வந்தவை. நம்ம 'ஒரு' மாதிரியேதான். 'தி' என்பது 'அந்த' என்ற சுட்டுச் சொல்லிலிருந்து வந்தது. டச்சிலும் இதே கதை. அதோட அங்கே 'தி'க்கு 'டெ', 'ஹெட்' என்று ரெண்டு வடிவம். ரோஜேரியஸ் புத்தகத் தலைப்பிலேயே ரெண்டும் வருது. கதவுக்கு ஒன்று, சமயத்துக்கு இன்னொன்று.

'ஏ பாடு' என்றால் ஏதோ ஒரு பாடு. கேட்கிறவருக்கு எதுன்னு தெரியாது. 'தி பாடு' என்றால் நீயும் நானும் அறிஞ்ச அந்தப் பாடு. எப்ப 'தி' போடறதுன்னு குழப்பம் வந்தா, இந்தக் கேள்வியைக் கேளுங்க: எதிரில் இருக்கிறவருக்கு எதுன்னு தெரியுமா? தெரியும்னா 'தி'. எல்லா இடத்துக்கும் இது போதாது. மலை, ஆறு, நாட்டுப் பெயர்களில் தனி வழக்கம் இருக்கு. ஆனா பத்துல ஏழெட்டு இடத்தில் காப்பாத்தும்.

அடுத்து 'ஈச்', 'எவ்ரி'. தமிழில் ரெண்டுக்கும் 'ஒவ்வொரு'தான். ஒரு, ஒரு என்று அடுக்கிப் பிறந்த சொல். ஆங்கில 'எவ்ரி'யும் அப்படி ஒட்டிய சொல்தான். 'எவர்', 'ஈச்' ரெண்டும் சேர்ந்து தேய்ந்ததுதான் 'எவ்ரி'. முறை போடும்போது பட்டியலைப் பார்த்து, இவருக்கு இன்னைக்கு, இவருக்கு நாளைக்கு என்று ஒருத்தர் ஒருத்தராச் சொன்னா அது 'ஈச்'. 'ஒரு தலைக்கட்டும் விட்டுப்போகாம எல்லாருக்கும் உண்டு' என்று மொத்தமாச் சொன்னா அது 'எவ்ரி'. ரெண்டே பேர் இருந்தா 'ஈச்' மட்டும்தான் வரும். ரெண்டுக்குப் பிறகும் வினை ஒருமைதான்.

அப்புறம் 'அனதர்', 'தி அதர்', 'அதர்ஸ்'. ஒரு படகு ஓட்டை. 'இன்னொரு படகு கொண்டா' என்றால் 'அனதர்'. எது வந்தாலும் சரி. ரெண்டு படகில் ஒன்று ஓட்டை, மிச்சம் இருக்கும் அது என்றால் 'தி அதர்'. மூன்று ஊரில் ஒன்றுக்கு இன்று முறை, மிச்ச ரெண்டும் என்றால் 'தி அதர் டூ'. மிச்சம் எல்லாரும் என்றால் 'தி அதர்ஸ்'. வேற சிலர் என்றால் வெறும் 'அதர்ஸ்'. 'தி அனதர்' என்று எழுதவே முடியாது, ஏன்னா 'அனதர்' உள்ளேயே 'ஆன்' இருக்கு. ஒரே சமயத்தில் 'ஒரு'வும் 'அந்த'வும் சுமக்க முடியாது.

கடைசியா 'திஸ்', 'தட்'. நமக்கு இந்த, அந்த. யாழ்ப்பாணத் தமிழில் மூன்றாவதா 'உந்த' இன்னும் உயிரோடு இருக்கு. இதுக்கும் அதுக்கும் நடுவில், உன் பக்கத்தில் இருப்பது. அங்கேயும் கேட்கிறவர்தான் கணக்கு.

இப்ப என் தப்பு. மனுவில் நான் எழுதினது: 'தி ஃபிஷர்மென் ஆஃப் தி லேக்' பாடு முறையில் தொழில் செய்கிறார்கள். அந்த 'தி' என்ன செஞ்சதுன்னு பாருங்க. ஏரியில் மீன் பிடிக்கிற மொத்தப் பேரையும் ஒரு கூடைக்குள் போட்டு, எல்லாருக்கும் பாடு இருக்கு என்று சொல்லிடுச்சு. நிஜம் அது இல்லை. பாடு உரிமை இல்லாத மீனவ ஊர்கள் இருக்கு. தண்ணியில் இறங்கி வெறும் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் குடும்பங்கள் இருக்கு. தலைக்கட்டுக் கணக்கில் ஆண்கள்தான் வருவாங்க. கூடை தூக்கி மீன் விற்கிற பெண்கள் அதில் எண்ணப்படுவது இல்லை. 'தி' இல்லாம, 'சில ஊர் மீனவர்கள்' என்று போட்டிருந்தா உண்மையா இருந்திருக்கும். மூன்று எழுத்து ஆங்கிலச் சொல், அத்தனை பேரையும் மறைச்சுடுச்சு.

பாடு முறை சண்டையைத் தவிர்க்க வந்த நல்ல ஏற்பாடு. அதே சமயம் அது ஒரு 'நாங்க'வும் கூட. இறாலுக்கு ஏற்றுமதி விலை வந்த பிறகு அந்த 'நாங்க'வுக்குள் யார், வெளியே யார் என்பது சோத்துப் பிரச்சினை. கூட்டத்தில் எழுந்தவர் கேட்டது அதைத்தான். அவர் இலக்கணம் பேசலை.

ஒரு 'ஆல்' கைமாற்றிய ஊர்

சின்னச் சொல் பெரிய வேலை செய்வதற்கு பழவேற்காட்டிலேயே பழைய உதாரணம் உண்டு. 1824 மார்ச் 17 அன்று லண்டனில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். சிங்கப்பூர் வரலாறு படித்தவர்களுக்கு அது தெரிஞ்சிருக்கும். அதில் ஒரு பிரிவு, இந்தியக் கண்டத்தில் நெதர்லாந்து மன்னருக்குள்ள குடியிருப்புகள் எல்லாவற்றையும் பிரிட்டிஷ் மன்னருக்கு விட்டுக்கொடுப்பதாகச் சொல்கிறது. அந்தப் பிரிவில் ஊர் பெயர்ப் பட்டியல் கிடையாது. 'ஆல் ஹிஸ்' என்ற ரெண்டு சொல் போதுமானதா இருந்தது. அடுத்த வருஷம், 1825ல், பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்குப் போனது. 'ஆல்' என்பதற்குள் ஒரு ஏரிக்கரை ஊர் இருந்தது, 'ஹிஸ்' என்பதற்குள் அது யாருடையது என்ற தீர்ப்பு இருந்தது. கரையில் வலை காயவைத்தவர்களிடம் யாரும் நம்மதா, எங்களதா என்று கேட்கவில்லை.

125 வருஷம் கழித்து எதிர்மாறான ஒன்று நடந்தது. 1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்ட அரசியலமைப்பின் முகப்புரை ஆங்கிலத்தில் 'வி' என்ற சொல்லோடு தொடங்கும். அதைத் தமிழாக்கினவர்களும் சீகன்பால்கு போல முதல் வரியிலேயே முடிவு எடுக்கணும். நாங்களா, நாமா? 'இந்திய மக்களாகிய நாம்' என்று எழுதினார்கள். படிக்கிற நீயும் இதில் இருக்கிற. ஆங்கில மூலம் சொல்லாம விட்டதைத் தமிழ் சொல்லியே ஆகணும், சரியாவே சொல்லிச்சு.

கேட்கிறவர் எங்கே இருக்கார்?

இதையெல்லாம் படிச்சு முடிச்சப்ப எனக்கு ஒன்று புரிஞ்சது. 'தி' நமக்குக் கஷ்டமா இருப்பதும், 'நாம், நாங்கள்' வெளிநாட்டுக்காரருக்குக் கஷ்டமா இருப்பதும் ஒரே காரணத்தால்தான். ரெண்டுமே எதிரில் இருக்கிற ஆளைப் பற்றின சொற்கள். உனக்கு இது தெரியுமா என்று 'தி' கேட்குது. நீ இதில் சேர்த்தியா என்று 'நாம்' கேட்குது. ஒவ்வொரு மொழியும் கேட்கிறவரை ஏதோ ஒரு இடத்தில் கணக்கில் வச்சிருக்கு. ஆங்கிலம் அதைப் பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி வச்சிருக்கு. தமிழ் அதைப் பிரதிப்பெயரில் வச்சிருக்கு. மொழிபெயர்க்கும்போது நாம் எதிராளியின் இடத்தைத் தேடாம விட்டா, அவர் விழுந்துடுவார்.

அதனால இப்ப ஆபீஸ் மெயிலில் கூட 'வி' என்று எழுதினா ஒரு நிமிஷம் நிறுத்தறேன். 'வி ஷுட் ஃபிக்ஸ் திஸ்' என்று எழுதினா நான் 'நாம' என்று நினைச்சு எழுதறேன், அந்தப் பக்கம் இருக்கிற டீம் 'நீங்க' என்று படிக்குது. அப்புறம் யாரும் சரிபண்ண மாட்டாங்க. இப்பல்லாம் யார் என்று பெயர் போட்டே எழுதிடறேன்.

மனு என்ன ஆச்சு? அன்னைக்குச் சாயங்காலமே அதே திண்ணையில் உட்கார்ந்து திருத்தினோம். எழுந்து கேள்வி கேட்டவரும் கூட இருந்தார். முதல் வாக்கியத்தில் 'வி'யை எடுத்துட்டு, பாடு உள்ள ஊர்களின் பெயரை எழுதினோம். ரெண்டாவது வாக்கியத்தை 'ஆல் ஆஃப் அஸ்' என்று ஆரம்பிச்சு, பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த ஏரியை நம்பி வாழ்கிற எல்லாரும் என்று விரிச்சு எழுதினோம். தமிழில் 'நாம' என்ற ஒரே சொல் செய்ற வேலைக்கு ஆங்கிலத்தில் ஒன்றரை வரி ஆச்சு.

படிச்சுக் காட்டினதும் அவர் கேட்டார், "இதுல நாங்க இருக்கோமா?"

நண்பனோட அப்பா சொன்னார், "நாம இருக்கோம்."

அவர் கையெழுத்துப் போட்டார்.

முகத்துவாரக் கதை அதோட முடியலை, அது வருஷா வருஷம் மணலோட வர்ற கதை. ஆனா அந்தத் தாளில் யாரும் விடுபடலை. அடுத்த எபிசோடில் சந்திப்போம் மக்களே. 'நாம்' என்றுதான் சொல்றேன், கவனிச்சீங்களா?